பிங் போகிறது, லாரி போகவில்லை

அனுப்புநர்: லாரி புக்கிங் அலுவலகம், தண்டையார்பேட்டை, சென்னை
பெறுநர்: தலைமை அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: 9 நாளாகத் தரவுப் பாதை (ரூட்டிங்) அறுந்து கிடக்கும் எங்கள் இணைப்பு குறித்து

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது என் ஏழாவது கடிதம். முந்தைய ஆறுக்கும் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்திதான் பதிலாக வந்தது. தீரவில்லை. வாடிக்கையாளர் எண்ணைக் கேட்காதீர்கள்; உங்கள் தொலைபேசியில் அதை ஒப்பித்து ஒப்பித்து என் பேரனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

தண்டையார்பேட்டையில் எங்கள் சர்வர் இருக்கிறது. மாதவரம், மணலி கிடங்குகளில் இருப்பவர்கள் அதில்தான் பில் போடுகிறார்கள். மூன்று இடங்களையும் சேர்ப்பது உங்கள் எம்.பி.எல்.எஸ். என்ற தனிவழி இணைப்பு. தரவை வழிநடத்தும் பெட்டிகளான எங்கள் ரௌட்டரும் உங்கள் ரௌட்டரும் ஓ.எஸ்.பி.எஃப். என்ற நெறிமுறை வழியாகத் தரவுப் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும்படி அமைத்துத் தந்தது உங்கள் பொறியாளர்தான். நான்கு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை. இந்த மாதம் 3ஆம் தேதி இரவு "மேம்பாட்டுப் பணி" என்று செய்தி அனுப்பினீர்கள். விடிந்ததும் இரு கிடங்குகளுக்கும் பாதை இல்லை.

உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருப்பது கொடுமை. இரண்டு ரௌட்டர்களும் 10 விநாடிக்கு ஒருமுறை, "இருக்கிறேன்" என்று காட்டும் சிறு பாக்கெட்டால் (தரவுப் பொட்டலத்தால்) ஹலோ சொல்லிக்கொள்கின்றன. ஹலோ வராவிட்டால் அண்டை ரௌட்டர் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும் 40 விநாடிக் காலக்கெடு, ரௌட்டர் குழுவைக் குறிக்கும் ஏரியா எண், கடவுச்சொல் எல்லாம் பொருந்துகின்றன. நானே உட்கார்ந்து ஒன்றொன்றாகச் சரிபார்த்தேன். ஆனாலும் அண்டை ரௌட்டரின் நிலை எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்கப் படியைத் தாண்டி நகரவில்லை. டிபக் (ரௌட்டருக்குள் நடப்பதைக் காட்டும் பதிவு) போட்டுப் பார்த்தால், உங்கள் ரௌட்டர் அனுப்பும் தரவுத்தள விவரப் பாக்கெட்டில் எம்.டி.யூ., அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு, 9000 என்று இருக்கிறது. எங்களுடையது 1500. அண்டையாரின் எம்.டி.யூ. தன்னுடையதைவிடப் பெரியதாக இருந்தால் அந்தப் பாக்கெட்டை ஏற்கக் கூடாது என்பது 1998இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2328 என்ற ஓ.எஸ்.பி.எஃப். தர ஆவணத்திலேயே இருக்கும் விதி. எங்கள் ரௌட்டர் விதிப்படி நடக்கிறது. அந்த இரவு உங்கள் பக்கம் யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள். அதைத் திருத்த ஒரு வரிக் கட்டளை போதும்.

இதைச் சொன்னதற்கு உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டது: "லாரி கம்பெனிக்கு ஓ.எஸ்.பி.எஃப். எல்லாம் எதற்கு சார்?"

ஒன்பது நாளாக அந்தக் கேள்வி காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மாதாமாதம் அதற்குத்தானே கட்டணம் வாங்குகிறீர்கள்? அவரே 100 பைட் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பிப் பார்த்துவிட்டு, "பிங் போகிறது, இணைப்பு நன்றாக இருக்கிறது" என்று வைத்துவிட்டார். ஹலோவும் பிங்கும் சின்னப் பாக்கெட்டுகள், போகத்தான் செய்யும். வாசற்கதவு திறந்திருக்கிறது என்பதற்காகக் கிடங்குக்குள் லாரி நுழைந்துவிட்டதாக அர்த்தமா?

கிண்டிப் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. "ரௌட்டர் பழுது, நேரில் கொண்டுவாருங்கள்" என்றார்கள். அதைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறினேன். தண்டையார்பேட்டை நிலையத்தில் சோதனைக் கருவி ஒலித்தது. வயரும் இரும்புப் பெட்டியுமாக எடுத்து விரித்து, காவலருக்கு விளக்கம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அது வேறு விஷயம். கிண்டியில் டோக்கன் எண் 64. இரண்டரை மணி நேரம். கடைசியில் ஓர் இளைஞர் மின்சாரத்தில் சொருகிப் பார்த்து, "பச்சை விளக்கு எரிகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது" என்று பையிலேயே திரும்ப வைத்தார். அறுபது வயதில் எனக்கு இது தேவையா?

இதற்கு முன்பே, 5ஆம் தேதி என்று நினைக்கிறேன், இன்னொருவர் எம்.டி.யூ. சோதனையையே புறக்கணிக்கும் கட்டளையைப் போடச் சொன்னார். போட்டேன். மாலைவரை பாதை வந்தது. 1500க்குப் பெரிய பாக்கெட் ஒன்று உங்கள் பக்கமிருந்து கிளம்பியதும் பாதை விவரங்களை வாங்கிக்கொள்ளும் லோடிங் நிலையிலேயே நின்றுவிட்டது. ஊசிப்போன குழம்பை மூடி வைத்தால் வாசனை போய்விடுமா?

ஆயுத பூஜைச் சரக்கு. கையால் எழுதிய ரசீதுகள். 12 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் நஷ்டம். கணக்குப் பார்த்த என் மகள் 3 லட்சம்தான் வருகிறது என்கிறாள். என் தந்தை காலத்திலிருந்து வந்த வாடிக்கையாளர்கள் வேறு அலுவலகம் போனதற்கு அவளுடைய பட்டியலில் இடமில்லை.

உங்களைச் சங்கடப்படுத்துவது என் நோக்கமன்று. உங்கள் களப் பணியாளர்கள் மழையிலும் வந்து கேபிள் சரிசெய்தவர்கள், அதை மறக்கவில்லை. ஆனால் வரும் சனிக்கிழமைக்குள் எம்.டி.யூ. 1500க்குத் திரும்பாவிட்டால், உங்கள் மேல்முறையீட்டு அலுவலரிடம் போவேன். அங்கும் நடக்காவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகாரை அங்கே கொண்டுபோகலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வணிக இணைப்பு என்று தப்பிக்கப் பார்க்க வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காகத் தொழில் செய்பவனும் நுகர்வோர்தான் என்பது என் வாதம்.

ஒன்பது நாள் கட்டணத்தையும் கிண்டிக்குப் போய்வந்த மெட்ரோ கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டுகிறேன். டிபக் பதிவின் நகலை இணைத்திருக்கிறேன், எம்.டி.யூ. உள்ள வரியைச் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். இதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். லாரி கம்பெனிக்கு எதற்கு என்று கேட்டவரை மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
லாரி புக்கிங் அலுவலகம், தண்டையார்பேட்டை