தொற்றுக்கால வைத்தியசாலை ஊழியர்களுக்கு ஓய்வும் உளவளத்துணையும் கோரும் மனு

2021 செப்டம்பர் 14

பணிப்பாளர்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை,
நுவரெலியா.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

விடயம்: மரணச் செய்தியைத் தமிழில் அறிவிக்கும் ஊழியர்களின் மனநிலை

நான் மலையகத்தில் வைத்தியசாலை ஒன்றின் கொவிட் விடுதியில் கடமையாற்றும் தாதி உத்தியோகத்தர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என்னோடு வேலை செய்யும் சிற்றூழியர்கள் கேட்டுக்கொண்டதால் அவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஓகஸ்ட் 20ஆம் திகதி நாடு மறுபடி முடக்கப்பட்டது. அந்த நாட்களிலிருந்து எங்களுக்கு ஒழுங்கான லீவு இல்லை. சரி, காலம் அப்படி என்று பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாமல் இருப்பது வேறொன்று. விடுதியில் இருக்கும் நோயாளர்களில் பெரும்பாலானோர் தோட்டத்து மக்கள்; தமிழ் பேசும் ஊழியர்களோ ஒரு சிலர்தான். ஒருவர் இறந்தால் வீட்டுக்கு யார் சொல்வது என்று ஒரு ஒழுங்கு கிடையாது. தமிழ் தெரிந்தவர் யார் கண்ணில் படுகிறாரோ அவரைக் கூப்பிடுவார்கள்.

போன மாதம் ஓர் இரவு, தரை துடைத்துக்கொண்டிருந்த சிற்றூழியர் அக்கா ஒருவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு வந்து போனை வாங்கினார். மறுமுனையில் இறந்தவரின் மகள். "அப்பா கஞ்சி குடிச்சாரா?" என்றுதான் அந்தப் பிள்ளை முதலில் கேட்டது. அக்காவுக்கு வாய் வரவில்லை. "வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்றார். அவ்வளவில் அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. உடலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் அக்காவே சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் மொப்பை எடுத்து மீதித் தரையையும் துடைத்தார்.

இப்போது விடுதியில் போன் அடித்தால் அவருக்குக் கை நடுங்குகிறது. நானும் மாறிவிட்டேன். முன்பெல்லாம் நோயாளியிடம் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பேன். இன்று கட்டில் இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கதைத்துப் பழகிவிட்டால் அந்த வீட்டுக்குப் போன் எடுக்க மனம் வருவதில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்கு வந்திருப்பதைப் போன்ற வேலைச் சோர்வை (burnout) உலக சுகாதார நிறுவனம் 2019இல் தொழிலோடு சேர்ந்த ஒன்றாக வகைப்படுத்தியது. தீராத வேலையழுத்தத்தால் உடம்பும் மனமும் ஓய்ந்து, செய்யும் வேலையிலிருந்தே மனம் விலகிப்போவது அதன் அடையாளம். ஆகவே இதற்கு மருந்தை வேலையிடத்திலேதான் தேட வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் இரவுக் கடமை முடிந்து லயன் காம்பிராவுக்குப் போய், பிள்ளைகளும் மாமியாரும் இருக்கும் ஒரே அறையில் என்ன மனம்விட்டுப் பேசுவது?

மரணத்தை அறிவிக்கும் பொறுப்பை முறைவைத்து, பயிற்சி பெற்ற இருவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம். சிற்றூழியர்களை இதற்குக் கூப்பிடவே வேண்டாம். அறிவித்தவருக்கு அந்த நேரமே அரைமணி நேர ஓய்வாவது வேண்டும். வாரத்தில் ஒரு நாள் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவர் வந்து, கதவு மூடிய அறையில் எங்களோடு கதைக்க ஒழுங்கு செய்யுங்கள். அவரிடம் போனவர் யார் என்பது தனிப்பட்ட கோப்பில் ஏறக் கூடாது. ஏறும் என்ற பயம் இருந்தால் ஒருவரும் போகமாட்டார்கள்.

கடந்த ஜனவரியில் தடுப்பூசி வந்தபோது சுகாதார ஊழியர்களுக்கே முதலில் போட்டார்கள். அதே அக்கறையோடு இதையும் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அறைக்கு இடமில்லை என்றால், விடுதிக்குப் பின்னால் உள்ள பழைய களஞ்சிய அறையை நாங்களே துப்புரவு செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாதி உத்தியோகத்தர் ஒருவரும் சக ஊழியர்களும்