அறுபது ஏவுகணைகளுக்கும் தனித்தனிப் பகடை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம், உன் நலமறிய ஆவல். நண்பர்கள் மூவரை உட்கார வைத்து மெக் என்னும் ராட்சதப் போர் எந்திரங்களை மோதவிடும் நம் பேட்டில்டெக் மேசை ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கப் போய், மூன்றாவது சுற்று முடிவதற்குள் ஒருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார் என்றும், இரண்டு மணி நேரத்தில் காய்களைப் பெட்டியில் போட்டுவிட்டீர்கள் என்றும் எழுதியிருந்தாய். சொல்லிக்கொடுத்த விதத்தில் கோளாறோ என்று கேட்டிருக்கிறாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பெரும்பகுதிக் குற்றம் விதிகளுடையது; மிச்சம், அவற்றைக் கேள்வி கேட்கக் கூடாத வேதம்போல உனக்குப் பழக்கிய என்னுடையது.

இந்த ஆட்டம் 1984-இல் பேட்டில்டிராய்ட்ஸ் என்ற பெயரில் வந்து, மறு ஆண்டே பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறியதே தவிர, அடிப்படைக் கணக்கு இன்றும் ஏறக்குறைய அதுவேதான். இருபது குழல் நெடுந்தூர ஏவுகணையை ஒருமுறை சுடுவதையே எடுத்துக்கொள். மெக் ஓட்டுநரின் திறமை, அவர் நடந்தாரா ஓடினாரா, எதிரி எத்தனை கட்டம் நகர்ந்தார், நடுவில் காடு உண்டா, தொலைவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டி, இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். பட்டால், எத்தனை ஏவுகணைகள் பட்டன என்று அட்டவணையைப் பார்த்து மறுபடி உருட்ட வேண்டும். ஏழு விழுந்தால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டை ஐந்து, ஐந்து, இரண்டு என்று பிரித்து, ஒவ்வொரு கூறும் உடலில் எங்கே விழுந்தது என்று மூன்று முறை உருட்ட வேண்டும். இத்தனையும் முடிந்து, பதிவுத்தாளில் கவசத்தைக் குறிக்கும் வட்டங்களில் சிலவற்றைக் கறுப்பாக்கும்போது, சுட்டவருக்கே தான் எதற்காகச் சுட்டோம் என்பது மறந்திருக்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான படம் வேண்டியதில்லை.

குறுந்தூர ஏவுகணைகளைச் சுமக்கும் வண்டி ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா? ஆறு குழல் கொண்ட ஏவிகள் பத்து. குறுந்தூர ஏவுகணைகளைக் கூறாகச் சேர்க்கக்கூட விதி விடாது. அறுபதும் பட்டுவிட்டால் அறுபதுக்கும் தனித்தனியாக இடம் பார்க்க வேண்டும். அந்த வண்டி என் பக்கம் இருந்த நாளெல்லாம், அது சீக்கிரம் அழிந்தால் தேவலை என்று உள்ளூர வேண்டியிருக்கிறேன்.

இத்தனைக்கும் அந்த ஆட்டத்தின் கதை உலகத்தின் மேல் எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. விண்மீன் உலகங்களை ஒன்றாக ஆண்ட ஸ்டார் லீக் சிதைந்து, ஐந்து பெருங்குலங்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டதில் தொழில்நுட்ப அறிவே தொலைந்துபோய், பாட்டன் ஓட்டிய மெக்கைப் பேரன் பரம்பரைச் சொத்தாக ஓட்டுகிறான். புதிதாகச் செய்யத் தெரியாததால், பழுதானதை ஒட்டுப்போட்டே காலம் தள்ளுகிறான். விதிப்புத்தகத்தை எழுதுகிறவர்களும் அந்தப் பேரனின் நிலையில்தான் இருக்கிறார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆனாலும் சிக்கலானதெல்லாம் வீண் என்று எண்ணிவிடாதே. சுடுவதாலும் நகர்வதாலும் மெக் சூடேறுகிற வெப்பக் கணக்கும் சிக்கலானதுதான். அதை நான் விடவே மாட்டேன். எட்டு நடுத்தர லேசர்கள் கொண்ட ஹன்ச்பேக் மெக், ஓடிக்கொண்டே எட்டையும் சுட்டால் வெப்பம் 26. குளிர்விப்பான்கள் போக்குவது 23. மிச்சம் மூன்றுதானே என்று அடுத்த சுற்றிலும் அதையே செய்தால் ஆறாகிவிடும். ஐந்தை எட்டியதுமே நடை ஒரு கட்டம் குறைந்துவிடும். அங்கே ஒவ்வொரு எண்ணும் நம்மிடம் ஒரு முடிவைக் கேட்கிறது. ஏவுகணை அட்டவணை எதையும் கேட்பதில்லை. காத்திருக்க மட்டும் சொல்கிறது.

2013-இல் வந்த ஆல்ஃபா ஸ்ட்ரைக் விதிகளுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் கை, கால், தலை என்ற பிரிவே கிடையாது. உன் பன்னிரண்டாம் வயதில், கீறல்கூட விழாத உன் நூறு டன் அட்லஸ் மெக் மேல் நான் பெரிய பீரங்கியால் சுட்டபோது, இடம் பார்க்கும் பகடைகளில் இரண்டு ஆறுகள் விழுந்தன. முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு, நேரே தலை. ஒன்பது வட்டக் கவசமும் உள்ளே இருந்த மூன்றும் இருபது சேதத்தின் முன் எம்மாத்திரம்? நீ அழவில்லை. பதிவுத்தாளில் தலைக்கு மேல் ஒரு சிறிய கல்லறை வரைந்து, தேதியும் போட்டுவிட்டு, “மறுபடி ஆடலாம் அப்பா” என்றாய். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே பழைய விதிகளையே வைத்துக்கொள், ஆனால் வெட்டிச் சுருக்கி வைத்துக்கொள். முதல் ஆட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு மெக், லேசர் மட்டும், ஏவுகணையே வேண்டாம். பிறகு ஏவுகணை சேரும்போது, பட்டவை அனைத்தையும் ஒரே இடத்தில் விழ வைக்காமல் இரண்டாகப் பிரித்தால் போதும். நான் தனியாக உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டேன், ஆட்டம் கெடவில்லை. நான்கு பதிவுத்தாள்களை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். கைப்பேசியை எடுத்த அந்த நண்பருக்கே ஹன்ச்பேக்கைக் கொடு.

அன்புடன்,
அப்பா