அந்தக் கால்களை அழுத்தவேண்டாம், மல்லி

அன்புள்ள மல்லிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ராஜி சொன்னாள். சொட்டு மருந்தை அவர் நேரத்துக்குப் போட்டுக்கொள்ளமாட்டார், உனக்கே தெரியும். தினமும் போன் போட்டுக் கேள். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களால் வரமுடியாது, பிள்ளைகளுக்குப் பரீட்சை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பு வீட்டில் பாலே பயிற்சி செய்கிற வீடியோவைப் பார்த்தேன். குழந்தை அழகாக ஆடுகிறாள். கழுத்தும் கையும் அசைகிற விதத்தைப் பார்த்தால் சின்ன வயதில் உன்னைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. ஆனால் கடைசியில் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்கால்களை அகட்டி, அண்ணா மேலிருந்து இடுப்பை அழுத்துகிறாரே, அதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் ஆசையாகத்தான் செய்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் பாப்புவின் முகத்தைப் பார்த்தாயா? சிரிக்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு. வாட்ஸப்பில் நாலு வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய் என்றுதான் கடிதமாகவே எழுதுகிறேன்.

பாலேயில் கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து. அந்த மூட்டின் கிண்ணம் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, தொடை எலும்பு எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பிறக்கும்போது தொடை எலும்பின் கழுத்து சுமார் 40 டிகிரி முன்னோக்கித் திரும்பியிருக்கும். வளர வளரக் குறைந்து, பெரியவர்களாகும்போது 15 டிகிரி அளவில் வந்து நிற்கும். பாப்புவுக்கு ஏழு வயது. அந்த வேலை அவள் உடம்பில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கையால் அழுத்தி அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. எலும்பு இடம் கொடுக்காதபோது அந்தத் திருகல் முழங்காலுக்கும் முதுகின் அடிப்பகுதிக்கும் போகும், இல்லாவிட்டால் இடுப்பு மூட்டை முன்பக்கம் பிடித்துவைத்திருக்கிற தசைநாரை இழுக்கும். என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிற நடனப் பிள்ளைகளில் பலருக்கு வலி இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தையின் பாதங்கள் 180 டிகிரிக்கு விரியவேண்டும் என்று நல்ல டீச்சர் யாரும் கேட்கமாட்டார்.

அவளுடைய அளவு எது என்று நீயே பார்த்துக்கொள்ளலாம். வெறுங்காலோடு குதிகால் இரண்டையும் சேர்த்து, விரல்களை வெளியே திருப்பி நிற்கச் சொல். உள்ளங்கால் வளைவு சரிந்து, பாதம் உள்பக்கம் சாய்ந்தால் விரல்களைத் திருப்பிய அகலம் அதிகம் என்று அர்த்தம். அப்படியே முழங்காலை மெல்ல மடக்கச் சொல். முழங்கால் சில்லு பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக வரவேண்டும், உள்ளே விழக்கூடாது. விழுந்தால் விரல்களைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவரச் சொல். எங்கே நேராகிறதோ அதுதான் இன்றைக்கு அவளுடைய அளவு. கும்பகோணத்தில் நமக்குப் பரதத்தில் முழங்காலை மடக்கி நிற்கிற அரைமண்டி சொல்லிக்கொடுத்தபோது டீச்சர் தாளம் தட்டுகிற தட்டுக்கழியை வைத்துக்கொண்டு முழங்காலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது நீ. வீடியோ முழுக்க உன் குரல்தான் கேட்கிறது: "நெஞ்சை நிமிர்த்து, வயித்தை எக்கு, பின்பக்கத்தை உள்ளே தள்ளு." மூன்றையும் ஒரே சமயத்தில் செய்யப் பார்த்து, குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்து நிற்கிறாள். நெஞ்சை நிமிர்த்து என்றால் அந்த வயதில் விலா எலும்பைத்தான் முன்னே தள்ளுவார்கள், உடனே முதுகு பின்னால் வளையும். பின்பக்கத்தை உள்ளே தள்ளினால் இடுப்பு பூட்டிக்கொண்டு, கால் திரும்பவே இடமில்லாமல் போகும். முதுகின் அடியில் இயல்பாக இருக்கிற குழிவு இருக்கத்தான் வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து நிற்கச் சொல். இடுப்புக்குப் பின்னால் உன் உள்ளங்கை நுழைகிற இடைவெளி போதும். தலையில் பூக்கூடை இருக்கிற மாதிரி நில் என்று மட்டும் சொல்லிப் பார். கழுத்து தானாக நீளும், தோள் இறங்கும். நிற்கும்போது அவள் பேசவேண்டும், பாடவேண்டும். பாட முடியாவிட்டால் மூச்சை அடக்கியிருக்கிறாள் என்று புரிந்துகொள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. "வயிறு தள்ளிக்கிட்டு இருக்கு பார்" என்று ஒரு இடத்தில் சொல்கிறாய். சின்னக் குழந்தைகளுக்கு வயிறு முன்னால் தள்ளித்தான் இருக்கும் மல்லி, வயிற்றுத் தசைக்கு வலு வர நாளாகும். நீ தோரணையைச் சொல்கிறாய், அவள் காதில் விழுவது வேறு. பாலே வகுப்பில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய உடை, பக்கத்தில் இன்னும் நிறையப் பெண்பிள்ளைகள். பத்து, பன்னிரண்டு வயதில் சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டிலாவது அவள் உடம்பைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. "பாதத்தை அழுத்தி நின்னாயே, நல்லா இருந்தது" என்று செய்ததைச் சொல். இதை அண்ணாவிடமும், முக்கியமாக உன் மாமியாரிடமும் சொல்லிவிடு.

மாமியார் என்றதும் ஞாபகம் வருகிறது. "நம்ம பரதம் இருக்கும்போது வெள்ளைக்காரன் டான்ஸ் எதுக்கு" என்று அவர் கேட்கிறாராமே. ருக்மிணி தேவி அருண்டேலே பாலே கற்றுக்கொண்டவர் என்று சொல். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டிதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர். உன் சொந்த நாட்டு நடனத்தைப் போய்த் தேடு என்று பாவ்லோவா ஊக்கப்படுத்தினார். அதற்கப்புறம்தான் ருக்மிணி தேவி பரதத்தின் பழைய வடிவமான சதிர் கற்றதும், 1936ல் கலாக்ஷேத்ரா தொடங்கியதும். அத்தை வாயடைத்துப் போவார் என்று சொல்லமாட்டேன், ஆனால் அன்றைக்குக் காபி சீக்கிரம் கிடைக்கும்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது என்று கேட்பாய். பத்து நிமிஷம் போதும், தினமும்கூட வேண்டாம். பாதத்திலிருந்து தொடங்கு. பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றிலும் எடை சமமாக விழ நிற்கட்டும். விரல்களைச் சுருட்டாமல் பாதத்தின் நடுவை மட்டும் மேலே தூக்கிக் குட்டையாக்கச் சொல். முதலில் வராது, உன் விரலை அந்த வளைவின் அடியில் வைத்துக் காட்டு. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதுபோல நல்ல பயிற்சி வேறில்லை, பாதி நேரத்தில் கால் மாற்றிக்கொள்ளட்டும். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குதிகாலைத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்கட்டும். அப்போது நீ பின்னால் உட்கார்ந்து கணுக்காலைப் பார். வெளிப்பக்கம் சாய்ந்து சுண்டுவிரலில் ஏறக்கூடாது. அவள் கையும் நாற்காலியில் சும்மா தங்கியிருக்கவேண்டும், தொங்கக்கூடாது. கை உடம்புக்குச் சற்று முன்னால், முழங்கை தளர்வாக. ஜன்னல் கம்பி வேண்டாம், உயரம் அதிகம், தோள் காதுக்கு ஏறிவிடும். உங்கள் வீட்டு டைல்ஸில் சாக்ஸ் போட்டுக்கொண்டு சுழல விடவே விடாதே.

கால் வளைக்கிற அந்த மரக்கருவியை ஆன்லைனில் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். வாங்காதே. இங்கிருந்து பாயிண்ட் ஷூ, அதாவது விரல்நுனியில் நின்று ஆடுகிற ஷூ, வாங்கி அனுப்பவா என்று கேட்டதற்கும் அதே பதில். பாத எலும்புகள் முழுதாக இறுகப் பதின்பருவத்தின் நடுப்பகுதி ஆகும். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன்னால் நல்ல டீச்சர்கள் விரல்நுனியில் ஏற்றுவதில்லை. அப்போதும் வயதை மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை வருஷப் பயிற்சி, ஒற்றைக் காலில் எத்தனை முறை குதிகாலைத் தூக்க முடிகிறது, இடுப்பு ஆடாமல் நிற்கிறதா, எல்லாம் பார்ப்பார்கள்.

எங்கள் பெரியவள் திடீரென்று உயரமானபோது அதுவரை வந்ததெல்லாம் வராமல் போயிற்று. எலும்பு முன்னே வளர்ந்துவிடும், தசை பின்னால் வந்துசேரும். வளைவதும் சமநிலையும் அந்தச் சில மாதங்களுக்குக் குறையும். தினமும் அழுதாள். பாப்புவுக்கும் அந்தக் காலம் வரும், அப்போது இழுத்து வளைக்கச் சொல்லாமல் பயிற்சியைக் குறைத்துவிடு. எப்போதானாலும் இடுப்பின் முன்பக்கமோ முதுகோ குதிகாலோ வலிக்கிறது என்று இரண்டு மூன்று நாள் விடாமல் சொன்னால், நொண்டினால், தைலம் தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டு.

பிறந்தநாளுக்கு நல்ல பாலே செருப்பு வாங்கி அனுப்புகிறேன். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக வாங்கு என்று நம் வீட்டு வழக்கப்படி சொல்லாதே. தொளதொள என்றிருந்தால் அவள் விரலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆடுவாள். இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்கவைத்து, பாதத்தைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து அனுப்பு. இரண்டு பாதத்தையும் வரை, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
வசு