தெள்ளாற்றையும் கொஞ்சம் பேசுங்கள்

சோழர் வரலாறு சொல்லும் யூடியூப் நண்பர்களுக்கு,

வணக்கம். கடாரம், கங்கை, ஈழம் என்று நீங்கள் போடும் காணொளிகளை விடாமல் பார்க்கிறவன் நான். ஒரு குறை மட்டும் உண்டு. முதலாம் குலோத்துங்கனைத் தாண்டியதும் உங்களுக்கு அவசரம் வந்துவிடுகிறது. "அப்புறம் பாண்டியர் எழுந்தனர், சோழர் வீழ்ந்தனர்" என்று ஒரே வரியில் கடையைக் கட்டிவிடுகிறீர்கள். இடையில் ஒரு சோழச் சக்கரவர்த்தியை அவனுக்குக் கீழிருந்த சிற்றரசனே போரில் பிடித்துச் சிறைவைத்தானே, அதை ஏன் தொடுவதே இல்லை?

1231ஆம் ஆண்டுவாக்கில் நடந்தது அது. தஞ்சையையும் உறையூரையும் பாண்டியன் எரித்துவிட்டுப் போன காயம் ஆறவில்லை. அரியணையில் மூன்றாம் ராஜராஜன். வடக்கே காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் சமயம் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவாசி பக்கத்துத் தெள்ளாற்றில் சோழனை மறித்து, முறியடித்து, பிடித்தும் விட்டான். அமைச்சர்களையும் சேர்த்து அடைத்ததாக அவனுடைய வயலூர்க் கல்வெட்டு பெருமைப்படுகிறது. கொண்டுபோய் வைத்த இடம், இன்று உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சேந்தமங்கலம்.

மீட்பு நடந்த விதத்தைக் கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. நீங்கள் படிக்க வேண்டியது இதைத்தான். கன்னடநாட்டுப் போசள (ஹொய்சள) மன்னன் வீரநரசிம்மன் சேதி கேட்டு, சோழ அரசை மீண்டும் நிறுத்தாமல் இனி என் காளம், அதாவது எக்காளம், ஊதாது என்று சபதம் போட்டு, தன் தலைநகர் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான். வழியில் மகர நாட்டை நொறுக்கிவிட்டுப் பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தண்டநாயகர்களை (படைத்தலைவர்களை) மேலே அனுப்புகிறான். அவர்கள் கோப்பெருஞ்சிங்கன் இருந்த எள்ளேரி, கல்லியூர்மூலை, அவனுடைய ஆள் சோழகோன் இருந்த தொழுதகையூர் ஆகியவற்றை அழிக்கிறார்கள். நடுவில் தில்லைக்குப் போய்ப் பொன்னம்பலத்தில் கும்பிட்டுக்கொள்கிறார்கள். கும்பிட்ட கையோடு மறுபடி எரிப்பு. திருப்பாதிரிப்புலியூரில் பாசறை, திருவதிகை பக்கம் அழிவு, குடிகளின் விளைநிலங்களுக்குத் தீ. பெண்களைப் பிடித்ததும் கொள்ளையடித்ததும் அந்தக் கல்வெட்டிலேயே சாதனைப் பட்டியலில் வருகின்றன. யாரும் குற்றமாகச் சொன்னதல்ல, செய்தவர்களே வெட்டிவைத்தது. சேந்தமங்கலத்தை நெருங்கியதும் கோப்பெருஞ்சிங்கன் இறங்கிவந்து சோழனை விட்டுவிடுகிறான்.

இவ்வளவும் யாருடைய ஆட்சியாண்டைப் போட்டுப் பொறிக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? அந்த ராஜராஜனுடைய ஆட்சியாண்டைத்தான்! தான் சிறைப்பட்ட கதைக்குத் தன் பெயரையே தலைப்பில் கொடுத்த சக்கரவர்த்தி. மன்னர் புகழ் பாடும் மெய்க்கீர்த்திகளை மட்டும் வாசித்துக் காட்டினால் இந்த மாதிரி இடம் கைக்குச் சிக்காது.

சரி, மீட்டதால் என்ன ஆயிற்று? ராஜராஜன் அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல் பெயரளவில் இருந்தான். 1243இலிருந்து கோப்பெருஞ்சிங்கன் என்ற அதே பெயர்கொண்ட ஒருவன் தன் சொந்த ஆட்சியாண்டுகளைப் போட்டு, 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்றே பட்டம் வைத்துக்கொண்டான். இவன், ராஜராஜனைச் சிறைவைத்த பழைய கோப்பெருஞ்சிங்கனின் மகன் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். தண்டனை என்று பார்த்தால் காடவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அடிபட்டவர்கள் திருவதிகைப் பக்கத்துக் குடியானவர்கள்.

இதைப் போட்டால் கமெண்ட் பகுதியில் கோப்பெருஞ்சிங்கன் யார் சாதி என்று சண்டை கிளம்பும், தெரியும். அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். 'துரோகி' என்று தம்ப்நெயிலும் போடாதீர்கள். அந்தக் காலத்துச் சிற்றரசர் பலர் வலுத்தவன் பக்கம் சாய்ந்தவர்கள்தான். இவன் ஒருவனை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை.

சேந்தமங்கலம், திருவந்திபுரம், தெள்ளாறு மூன்றையும் காரில் சுற்றிவந்துவிடலாம். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அவர் வாசிக்கும்போது மட்டும் அந்தப் பின்னணி முரசை நிறுத்திவைத்தால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் சப்ஸ்கிரைபர் ஒருவன்