இரண்டு திருட்டுகள்

புரசைவாக்கம், சென்னை
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுத வேண்டியதை மனதுக்குள் சேர்த்துக்கொள்ளவே இத்தனை நாள் பிடித்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மெட்ரோ வேலைக்காக வழியெல்லாம் தடுப்பு வைத்திருக்கிறார்கள், கோவிலுக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

பெரியவள் வேலையை விட்டுவிட்டாள். ஓஎம்ஆரில் ஆறு வருஷம் பார்த்த வேலை. ஏன் என்று கேட்டதற்கு, "என் மனசு சொல்றதைக் கேட்கிறேன்பா. நீங்கதானே அப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க" என்றாள். கோபமாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உண்மைதான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பத்தாவது முடித்து எந்தக் குரூப் எடுப்பது என்று கேட்டபோது சொன்னேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன், ஏதோ வேதவசனம் மாதிரி. ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லையே. "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது" என்றுதான் எரேமியா சொல்கிறார். அப்படியானால் இந்தப் போதனையை நான் எங்கிருந்து எடுத்தேன்?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. தேடிக்கொண்டே போனதில் கடைசியில் ரூசோ என்ற தத்துவஞானியிடம் வந்து நின்றேன். 1712-இல் ஜெனீவாவில் பிறந்தவர். மனிதன் இயல்பிலேயே நல்லவன், சமூகம்தான் அவனைக் கெடுக்கிறது என்பது அவருடைய அடிப்படை. குழந்தை வளர்ப்பைப் பற்றி 1762-இல் அவர் வெளியிட்ட புத்தகம் ஐரோப்பாவையே புரட்டிப்போட்டது. அதில் நல்லது நிறைய உண்டு. குழந்தை ஒரு குட்டிப் பெரியவன் அல்ல, குழந்தைப் பருவத்துக்கென்று ஒரு மதிப்பு உண்டு என்று உரக்கச் சொன்னவர் அவர். இன்று நம் பேரப்பிள்ளைகள் பிரம்படி இல்லாமல் பாடம் படிப்பதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. அதே மனிதர் தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிஸில் அநாதைக் குழந்தைகள் விடுதியில் விட்டுவிட்டார். அதை வைத்து அவரை ஒதுக்கிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்த நம் மிஷனரி பெப்ரீஷியஸை நினைத்துக்கொண்டேன். இந்தப் புரசைவாக்கத்தில் ஒரு பள்ளிக்கே அவர் பெயர்தான். வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தவர், 1779-இல் அகராதி அச்சிட்டவர், நாம் பாடும் ஞானப்பாட்டுகளில் எத்தனையோ அவர் தந்தவை. அவரும் முதிய வயதில் பணவிஷயத்தில் சறுக்கி, கடனுக்காகச் சிறையில் இருந்தார். அதற்காக அவர் மொழிபெயர்ப்பைத் தூக்கிப் போட்டோமா? ஒருவருடைய வாழ்க்கையை வைத்து மட்டும் அவர் சிந்தனையை எடைபோட முடியாது. சிந்தனையையே எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதிக்க ஒரு நல்ல வழி கிடைத்தது. ரூசோ தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்துக்கு 'ஒப்புதல்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார். ஏறக்குறைய 1,400 வருஷத்துக்கு முன்பே வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின் தன் புத்தகத்துக்கு வைத்த அதே பெயர்தான். இரண்டு பேருமே தங்கள் வாலிபத்தில், கிட்டத்தட்ட பதினாறு வயதில், செய்த ஒரு திருட்டைச் சொல்கிறார்கள்.

அகஸ்டின் திருடியது பேரிக்காய். ராத்திரி நண்பர்களோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்து மரத்தை உலுக்கி அள்ளிக்கொண்டு வந்தார்கள். பசி இல்லை. வீட்டில் அதைவிட நல்ல பழமே இருந்தது. கடைசியில் பெரும்பாலானதைப் பன்றிகளுக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு பேரிக்காய்க்கு இவ்வளவு அலசலா என்று கேட்கும் அளவுக்கு மனிதர் பக்கம் பக்கமாக அதைப் பற்றி எழுதுகிறார். ஏன் செய்தேன், ஏன் செய்தேன் என்று தோண்டித் தோண்டி, கடைசியில் அந்தத் தப்பையே நான் நேசித்தேன் என்று தேவனுக்கு முன்பாக ஒத்துக்கொள்கிறார்.

ரூசோ திருடியது ஒரு பழைய ரிப்பன். வேலை பார்த்த வீட்டில் எடுத்தார். மாட்டிக்கொண்டதும், அங்கே சமையல் வேலை பார்த்த ஒரு ஏழைப் பெண்ணின்மேல் பழியைப் போட்டுவிட்டார். இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் நினைவு சாகும்வரை தன்னை வதைத்தது என்று எழுதுகிறார், அது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உடனே ஒரு விளக்கமும் வருகிறது. அவள்மேல் எனக்குத் துளியும் கெட்ட எண்ணம் இல்லை, அவளுக்குக் கொடுக்கத்தான் ரிப்பனை நினைத்திருந்தேன், அவள் நினைவாகவே இருந்ததால்தான் அவள் பெயர் வாயில் வந்தது என்கிறார். செய்தது கொடுமை, ஆனால் உள்ளம் மட்டும் சுத்தம்.

நண்பா, இதைப் படித்த பிறகு என் காதில் விழுவதெல்லாம் ரூசோவின் குரல்தான். பிரபலமானவர்கள் மன்னிப்புக் கேட்கும்போது, "யாரையும் புண்படுத்துவது என் நோக்கம் இல்லை" என்கிறார்களே, அது அந்த ரிப்பன்தான். சபைக் கமிட்டியிலும் அதைக் கேட்டிருக்கிறேன். சூழ்நிலை அப்படி, வளர்ப்பு அப்படி, அவர் மனசு தங்கம் என்று எத்தனை பேருக்காகச் சொல்கிறோம்! ரூசோவின் பெயரைக் கூடக் கேட்காதவர்கள் அவர் வார்த்தையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆபேலைப் பற்றி எபிரெயர் நிருபம் சொல்வதுபோல, மரித்தும் இன்னும் பேசுகிறவர் ரூசோ.

சமூகம் கெடுக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1923-இல் இதே சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். மார்க்ஸ் எழுப்பிய கேள்விதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை நம் பிரசங்க மேடைகள் அடக்கி வாசித்தன. அதைச் சபைக்கு வெளியே ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டிவந்தது, அது நமக்கு வெட்கம். ஆனால் அமைப்பை மாற்றினால் மனிதன் மாறிவிடுவான் என்ற இடத்தில் மட்டும் என்னால் மார்க்ஸோடு போக முடியவில்லை. அந்தப் பேரிக்காய் குறுக்கே நிற்கிறது.

சரி, இவ்வளவும் எழுதியது ஒரு விஷயத்துக்காக. உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

செகண்ட் இயரில் மெஸ் மேஜை டிராயரிலிருந்து நாற்பது ரூபாய் எடுத்தது நான். அன்று ராத்திரியே உன்னிடம் சொன்னேன். மறுநாள், தண்ணீர் ஊற்றும் அந்தப் பையனை நிறுத்திவிட்டார்கள். தகரப் பெட்டியோடு அவன் கேட்டைத் தாண்டிப் போனதை நாம் இரண்டு பேரும் மாடியிலிருந்து பார்த்தோம். இத்தனை வருஷமும் எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டேன் தெரியுமா? கைச்செலவுக்குக் கஷ்டம், திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன், அவனை நிறுத்துவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. எல்லாம் ரூசோவின் வார்த்தைகள். போன வாரம் அகஸ்டினை மறுபடி படித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று ஞாபகம் வந்தது. அந்த வாரம்தான் வீட்டிலிருந்து எனக்கு மணியார்டர் வந்திருந்தது. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எடுக்க முடிந்தது, எடுத்தேன். பழி அவன்மேல் விழுந்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முழங்கால் போடமுடியாத இந்தக் காலை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி ஜெபித்தேன். கர்த்தர் மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் இயேசுவிடம் மனந்திரும்பிய வரிவசூல்காரன் சகேயு அதோடு நிற்கவில்லையே, நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றானே.

வெள்ளிக்கிழமை ராத்திரி பெரியவளிடமும் சொல்லிவிட்டேன். மனசு சொல்வதைக் கேள் என்று உன்னிடம் சொன்ன இந்த அப்பாவின் மனசு இப்படிப்பட்டது என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பையன் பேர் என்னப்பா?" என்றுதான் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவன் ஊர் செய்யாறு பக்கம் என்று நினைவு. நீதான் அவனோடு உட்கார்ந்து பேசுவாய், ஒருதரம் அவனுக்கு லெட்டர் கூட எழுதிக் கொடுத்தாய். பெயரோ, ஊரோ, அப்பா பெயரோ, என்ன ஞாபகம் இருந்தாலும் உடனே எழுது. கிடைத்த அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன். மகளும் கூட வருகிறேன் என்கிறாள்.

உன் பழைய அறைத்தோழன்