மறுபடியும் இரண்டா?

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி போனில், "மறுபடியும் ரெண்டா இருந்துட்டா என்னம்மா பண்றது?" என்று கேட்டுவிட்டு அழுதாய். பின்னால் உன் இரட்டைப் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. எனக்கு உடனே பதில் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

ஒட்டு வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று உன் மாமியார் சொன்னதை மனதில் வைக்காதே. பிரசவ வார்டில் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் என்னிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உன்னுடையது ஆணும் பெண்ணும். அப்படியென்றால் அந்த மாதம் இரண்டு கருமுட்டை வெளிவந்திருக்கிறது. அப்படி வருவது தாயின் உடல்வாகு, குடும்ப வழியாகவும் வரும். 2016இல் இரட்டையரைப் பெற்ற தாய்மார்களை வைத்து நடந்த ஆய்வில் அதற்கான இரண்டு மரபணு அடையாளங்களைக்கூடக் கண்டுபிடித்தார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிவது வேறு. அது எந்த ஊரிலும் ஆயிரத்துக்கு மூன்று நாலு பேருக்கு நடக்கும், பெரும்பாலும் வம்சத்தில் தொடராது.

நம் வீட்டில் இது அம்மாயி வழி, என் அம்மாவிடமிருந்து வந்தது. 1962இல் தோட்டத்து வீட்டில் நான் பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்களாம். மருத்துவச்சி மட்டும் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "இருங்க, இன்னொண்ணு இருக்குது" என்றாளாம். அது தம்பி. இரண்டு பேரையும் ஒரு பழைய வேட்டியில் சுற்றி ஒரே முறத்தில் போட்டிருந்தார்கள். அவன் ரொம்பச் சின்ன உடம்பு, மூன்றாம் நாள் போய்விட்டான். எனக்குப் பிறகு அம்மாயிக்குப் பிள்ளையே இல்லை. ஆனாலும் கடைசி வரைக்கும் என்னைப் "பெரியவளே" என்றுதான் கூப்பிட்டார்.

அதே வழியில் வந்த எனக்கு நீயும் அண்ணனும் தனித்தனியாகத்தான் பிறந்தீர்கள். அதனால் வம்சத்தில் இருந்தாலே வந்துவிடும் என்றில்லை. ஒருமுறை இப்படி இரட்டை பெற்றவளுக்கு அடுத்ததும் இரட்டையாக வர மற்றவர்களைவிடச் சில மடங்கு வாய்ப்பு அதிகம், மறைக்கவில்லை. உனக்கு முப்பத்தைந்து ஆகிறது, வயதும் கொஞ்சம் கூட்டும். ஆனால் எல்லாம் சேர்த்தும் ஒற்றைக் குழந்தைக்கான வாய்ப்புதான் மிக அதிகம். மாப்பிள்ளை வீட்டு இரட்டையர் கதையை இதில் சேர்க்காதே, அவர் வம்சம் உன் கருமுட்டையை எதுவும் செய்யாது. அவர் வழியில் ஏதாவது இருந்தால் உன் மகளுக்கு வேண்டுமானால் போயிருக்கும்.

சரி, இரண்டாகவே இருந்தால்? அம்மாயிக்கு மருத்துவச்சியின் கை மட்டும்தான் இருந்தது. உனக்கு ஸ்கேன் இருக்கிறது. ஏழாவது வாரம் ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும். இரண்டு என்றால், நச்சுக்கொடி தனித்தனியா ஒன்றா என்று பதினாலு வாரத்துக்குள் பார்த்து எழுதித் தரச் சொல். அதை விட்டுவிடாதே, அதை வைத்துத்தான் அடுத்து எத்தனை நாளுக்கு ஒருமுறை வரவேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வார்.

ஸ்கேன் தேதியை மட்டும் சொல். முந்தின நாளே வந்துவிடுகிறேன். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் போய்வாருங்கள்.

அம்மா