லண்டனில் மழை என்றால் அறையிலேயே இருக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் லண்டன் பயணக் கட்டுரை படித்தேன். அரண்மனை, பாலம், கடைவீதி எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் நடுவில் 'மழை பிடித்துக்கொண்டால் அன்றைய நாள் போச்சு' என்று ஒரு வரி வருகிறது பாருங்கள், அதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. போன செப்டம்பரில் எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். கூட்டிக்கொண்டு போன சுற்றுலாக்காரர் காலையிலேயே, "மழை விடாது, இன்று ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அத்தனை செலவு செய்து போய் அறையில் டிவி பார்ப்பதா? நானும் அக்காவும் கிளம்பிவிட்டோம். அந்த ஒரு வாரத்தில் இன்றும் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் நாள் அதுதான்.

முதலில் பிரிட்டிஷ் மியூசியம். நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது (உங்கள் கட்டுரையில் இது இல்லை). காசு கொடுத்துவிட்டோமே, எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டுமே என்ற பதற்றமும் அதனால் இல்லை. நடுமுற்றத்துக்கு 2000இல் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். மொத்தம் 3,312 கண்ணாடிகள், ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. அத்தனை கண்ணாடி மேலும் மழை வழிந்து ஓடுவதைக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்தோம். வெயில் நாளில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

அப்புறம் அங்கேயே அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் பலகைகள். அதில் ஒரு பலகையின் ஒரு பக்கம் போதிமரமும் காலி ஆசனமும், சுற்றிலும் வணங்கி நிற்கிறவர்கள். புத்தரை உருவமாகக் காட்டாத காலத்து வேலை. சில நூற்றாண்டுகள் கழித்து அதே கல்லைத் திருப்பி, மறுபக்கத்தில் ஸ்தூபத்தையே முழுதாகச் செதுக்கியிருக்கிறார்கள். இவை ஏன் இங்கே இருக்கின்றன என்ற வருத்தம் வராமல் இல்லை. ஆனாலும் அந்தச் சிற்பங்களை விட்டு நகர எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, அவ்வளவு நேரம் நின்றதற்கு மழைதான் காரணம், வேறெங்கும் ஓட வேண்டியிருக்கவில்லையே.

மியூசியத்துக்குப் பக்கத்தில் ஹோல்பர்னில் பாதாள ரயில் ஏறி செயின்ட் பால்ஸில் இறங்கினால் இரண்டே நிறுத்தம். நடைபாலத்தில் தேம்ஸைத் தாண்டினால் எதிரே டேட் மாடர்ன், பழைய மின் நிலையத்தைக் கலைக்கூடமாக மாற்றியது, அங்கேயும் இலவசம்தான். சாயங்காலம் வரை அதற்குள் இருந்தோம்.

அதை ஒட்டியே குளோப் நாடக அரங்கு. ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கு 1599இல் கட்டியது, 1613இல் நாடகத்துக்காக வெடித்த பீரங்கிப் பொறி கூரையில் விழுந்து எரிந்துபோனது. இப்போது இருப்பது அதே மாதிரி கட்டி 1997இல் திறந்தது, கூரை வேய்ந்த அரங்கு, நடுவில் வெட்டவெளி. மேடைக்கும் சுற்றியிருக்கும் இருக்கைகளுக்கும் கூரை உண்டு, முற்றத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் இல்லை. அங்கே உட்காரவும் கூடாது, பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் குடையும் பிடிக்கக் கூடாது. மழை பெய்தாலும் நாடகம் நிற்காது.

அன்று மாலை நாங்களும் முற்றத்தில் நின்றுதான் நாடகம் பார்த்தோம், இடைவேளைக்குப் பிறகு மழை கொட்டித் தீர்த்தது. எங்களைச் சுற்றி நின்றவர்கள் யாரும் அசையவில்லை. நடிகர்கள் குரலை இன்னும் உயர்த்தினார்கள், மழைச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசுவதைக் கேட்கும்போது உடம்பு சிலிர்த்தது. பழைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது, அக்காவுக்கு அதுவும் இல்லை. ஆனால் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவள், யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னாள்.

அதனால் அடுத்த முறை லண்டன் பற்றி எழுதும்போது மழை நாளுக்கென்று கால் பக்கமாவது ஒதுக்குங்கள். கோடையில் குளோப்புக்குப் போகிறவர்கள் குடையை நம்பாமல், தலையை மூடுகிற மழைக்கோட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி